அரை வரியில் இருந்தவருக்கு

அன்புள்ள மக்தா நாக்மன் அவர்களுக்கு,

முதலில் மன்னியுங்கள். உங்களைக் கண்டுபிடித்ததே உங்கள் கணவர் வழியாகத்தான். பாரதியோடு 'இந்தியா' பத்திரிகையில் இருந்த எம்.பி.டி. ஆச்சார்யாவைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். நடுவில் 'மனைவி ரஷ்ய ஓவியர்' என்று அரை வரி வந்து போனது.

1889-ல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தீர்கள். அப்பா யூதர், அம்மா லூத்தரன் கிறிஸ்தவர். ஸ்வான்ட்சேவாவின் ஓவியப் பள்ளியில் ஓவியர் லியோன் பாக்ஸ்ட்டிடம் படித்தீர்கள். ஓவியர் மார்க் ஷகாலும் அங்கேதான் படித்தார். அவர் பெயர் உலகத்துக்கே தெரியும். சரி, அந்தப் புலம்பல் இங்கே வேண்டாம்.

நான் அதிக நேரம் பார்த்தது 1913-ல் கிரிமியாவின் கோக்டெபெலில் நீங்கள் வரைந்த ரஷ்யக் கவிஞர் மரீனா ஸ்வெதாயெவாவை. நீல உடை, இருபது வயது. அவர் கவிதையில் அடிக்கும் சூறாவளி அந்த முகத்தில் துளியும் இல்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பாக்ஸ்ட்டுக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கு ஆசிரியராக வந்த பெட்ரோவ்-வோத்கினின் படங்களையும் பார்த்தபின்தான் கொஞ்சம் பிடிபட்டது. ஒளி நிழல் போட்டு உருட்டிக் காட்டாமல் நிறத்தை வைத்தே ஆளைக் கட்டி எழுப்பும் வித்தை அது. கவிஞரின் புகழ் இன்னும் வந்து சேராத முகத்தை நீங்கள் பார்த்தபடி வரைந்திருக்கிறீர்கள். சூறாவளியைத் தேடியது என் தப்பு.

அப்புறம் புரட்சி, பசி, மாஸ்கோ. அங்கே இந்தத் திருவல்லிக்கேணிக்காரர் ஆச்சார்யாவைச் சந்தித்து மணந்துகொண்டீர்கள். 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், அடுத்த சில வருடங்களில் கட்சியே வேண்டாமென்று, அரசே கூடாதென்னும் அராஜகவாதி ஆனவர். அப்படி ஒருவரோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா! 1922-ல் பெர்லினுக்குப் போனீர்கள். 1933-ல் அங்கே எழுத்தாளர் நபகோவை வரைந்தீர்கள். படம் காணாமல் போய்விட்டது, அதன் புகைப்படம்தான் மிச்சம். அதே வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதரின் மகளுக்கும் இந்தியக் கலகக்காரருக்கும் அந்த ஊரில் என்ன இடம்? ஸ்விட்சர்லாந்து வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தீர்கள்.

பம்பாயில் பதினைந்து வருடம் போல இருந்து, இந்த ஊர் முகங்களை வரைந்தீர்கள். பாம்பே ஆர்ட் சொசைட்டி கண்காட்சிகளில் உங்கள் படங்கள் தொங்கின. 1951 பிப்ரவரி 12-ம் தேதி உங்கள் ஓவியக் கண்காட்சி திறப்பதாக இருந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்பு இறந்துபோனீர்கள். மூன்று வருடம் கழித்து ஆச்சார்யாவும் போய்விட்டார்.

ஒரே ஒரு கேள்வி. ஓவியம் பற்றியது அல்ல, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஐயங்கார் வீட்டுப் பிள்ளை கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவார்? தமிழிலா?

அன்புடன்,
உங்களைத் தாமதமாகத் தெரிந்துகொண்ட ஒருவன்