வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இந்த ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டோம்: அமெரிக்கா மேற்கு நோக்கி விரிந்த வரலாறு. “கரிசல் காட்டுக்காரர்களுக்கு இது எதற்கு?” என்று முனகியவர்கள் உண்டு. பருத்தி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த நம் மூத்த உறுப்பினர் முதல் கூட்டத்திலேயே அதற்குப் பதில் சொல்லிவிட்டார். 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு பருத்தி வரத்து நின்றபோதுதான் திருநெல்வேலிப் பருத்திக்கு இங்கிலாந்து ஆலைகளில் திடீர்க் கிராக்கி ஏற்பட்டது. அதன்பின் முனகல் இல்லை.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நூலக மாடியில் நடந்தன. மழையால் ஒன்று தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

நிலம், அடிமைமுறை, உழைப்பு என்று மூன்று பகுதிகளாகத் திட்டமிட்டிருந்தோம். இரண்டாம் மாதமே அந்தப் பிரிவினை குலைந்தது. 1803இல் நெப்போலியனிடமிருந்து லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிய கதையை நிலத்தின் கீழ் வைத்தோம். வாங்கிய மண்ணில் அடிமைகளை வைத்துக்கொள்ளலாமா என்ற சண்டை 1820இல், அடிமைமுறை எங்கே இருக்கலாம், எங்கே கூடாது என்று கோடு கிழித்த மிசௌரி உடன்பாட்டில் போய் நின்றது. 1830இல் பழங்குடிகளை வெளியேற்றும் சட்டம் வந்ததற்குப் பெரிய காரணம், தெற்கத்தி மண்ணின் மேல் பருத்தித் தோட்டக்காரர்களுக்கு இருந்த பசி. 1838இல் செரோக்கி மக்களை ராணுவம் மேற்கே நடக்க வைத்தது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். அந்த வரிசையில் வசதியுள்ள செரோக்கியர்களின் கறுப்பின அடிமைகளும் நடந்தார்கள் என்று ஒருவர் சொன்னதும் கூட்டம் சூடாகிவிட்டது. நூலகர் விளக்கை அணைக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

மிசௌரிக்கு மேற்கே புதிதாகக் குடியேற்றத்துக்குத் திறந்த கான்சாஸ் பற்றிய கூட்டத்துக்குத்தான் அதிகம் பேர் வந்தார்கள். அடிமைமுறை வேண்டுமா என்பதைக் குடியேறியவர்களே தீர்மானிக்கட்டும் என்று 1854இல் செனட் உறுப்பினர் ஸ்டீபன் டக்ளஸ் சட்டம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு மார்ச் மாதத் தேர்தலில் வாக்குரிமை உள்ளவர்கள் 2,905 பேர். விழுந்த வாக்குகள் 6,307. அடிமைமுறையை ஆதரித்தவர்கள் மிசௌரியிலிருந்து எல்லை தாண்டி வந்து போட்டுவிட்டுப் போனார்கள்! கள்ள ஓட்டைப் பற்றி நம் உறுப்பினர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1856 மே மாதம் அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது. பதிலுக்கு, அடிமைமுறையைத் தீவிரமாக எதிர்த்த ஜான் பிரவுனின் ஆட்கள் எதிர்த்தரப்பில் ஐந்து பேரை வெட்டிக் கொன்றார்கள். ஆனால் அடிமைமுறையை எதிர்த்தவர்கள் எல்லாம் கறுப்பினத்தவரின் தோழர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களில் பெரும்பான்மையோர் சுதந்திரக் கறுப்பினத்தவரும் அங்கே குடியேறக் கூடாது என்று வாக்களித்தவர்கள். அடிமையோடு போட்டி போட்டுக் கூலி வாங்க முடியாதே என்பதுதான் அவர்களில் பலரது கவலை.

என்னைக் கேட்டால், ஆண்டின் சிறந்த கூட்டம் கலிபோர்னியா பற்றியதுதான். 1848 ஜனவரி 24 அன்று அங்கே தங்கம் தென்பட்டது. பிப்ரவரி 2 அன்று, போரில் தோற்ற மெக்சிகோ அந்த மண்ணை அமெரிக்காவுக்கு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது. 1850இல் அடிமைமுறை இல்லாத மாநிலமாக அது ஒன்றியத்தில் சேர்ந்தது. அதே ஆண்டு அதே மாநிலத்தில் ஒரு சட்டம்: வேலையின்றித் திரிவதாகக் குற்றம் சாட்டப்பட்ட பழங்குடியை அதிக விலை கேட்பவரிடம் நான்கு மாதம் வரை வேலைக்கு ஏலம் விடலாம். அடிமை இல்லை, ஏலம் மட்டும் உண்டு.

மிசிசிப்பியிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஆர்ச்சி லீயின் வழக்கையும் படித்தோம். 1858இல் மாநில உச்ச நீதிமன்றம், அடிமைமுறை இங்கே செல்லாது என்று ஒத்துக்கொண்டது. உரிமையாளர் இளைஞர், உடல்நலம் குன்றியவர், ஆகவே இந்த ஒருமுறை கொண்டுபோகட்டும் என்றும் சொன்னது. தீர்ப்பை வாசித்தபோது நம் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் வாய்விட்டுச் சிரித்தார். சான் பிரான்சிஸ்கோவின் கறுப்பின மக்கள் பணம் திரட்டி வழக்காடினார்கள். லீக்கு விடுதலை கிடைத்தது.

நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதைக்கும் ஒரு மாலையை ஒதுக்கினோம். சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். 1867 ஜூனில் மாதம் 40 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனம் உணவு வரத்தை நிறுத்தியது. ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. 1869இல் பாதை இணைந்தது. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரவே தடைச்சட்டம்.

1862 பற்றிய கூட்டத்தை அவசரமாக முடிக்க நேர்ந்தது. ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் தரும் சட்டம் அந்த ஆண்டு மே மாதம் வந்தது. டிசம்பரில் மின்னசோட்டாவின் மான்கேட்டோவில், குடியேறியவர்களை எதிர்த்துப் போரிட்ட டகோட்டா பழங்குடியினர் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பேச இன்னொரு மாலை தேவை. அதை அடுத்த ஆண்டின் முதல் கூட்டமாக வைக்கலாம் என்றும், தொடர்ந்து பழங்குடிகளின் பொது நிலத்தைத் துண்டுபோட்ட 1887இன் நிலப் பங்கீட்டுச் சட்டத்தைப் படிக்கலாம் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது.

இடம் தந்த நூலகத்தாருக்கும், சுவரில் மாட்டும் அளவுக்கு வரைபடங்களைப் பெரிதாக்கித் தந்த உறுப்பினருக்கும் நன்றி. இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் சந்தாவோடு சேர்த்துக் கொண்டுவருமாறு கேட்டு, இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்