சான்றிதழ் காலாவதி: யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு நிறுவனங்களின் இணையதளங்களை சர்வரில் ஏற்றிப் பராமரிப்பது என் தொழில். சென்ற வாரம் மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டணம் கட்டப் போனால், 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் எச்சரித்தது. தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் முந்தைய நாள் இரவே காலாவதி. உதவி எண்ணில் கேட்டால், "அட்வான்ஸ்டு அழுத்தி உள்ள போங்க சார்" என்கிறார்கள். பணம் கட்டும் பக்கத்தில் மக்களை இப்படிப் பழக்கலாமா? நாளை போலித் தளம் இதே எச்சரிக்கையோடு வந்தாலும் அழுத்திவிட்டுத்தான் போவார்கள்.

முன்பு 398 நாள் வரை இருந்த சான்றிதழின் உச்ச ஆயுள், 2026 மார்ச் 15 முதல் 200 நாள்தான். 2027-ல் 100, 2029-ல் 47. காலண்டரில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிப்பதெல்லாம் இனி ஓடாது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகவே தருகிறது, செர்ட்பாட் என்ற மென்பொருள் அதைத் தானாகப் புதுப்பிக்கும். அப்புறம்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். செர்ட்பாட்டை வெப்ரூட் என்ற முறையில் ஓட்டினால், புதிய சான்றிதழ்க் கோப்பு சர்வரில் வந்து உட்கார்ந்திருக்கும். பக்கங்களை பிரவுசருக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருளோ நினைவகத்தில் உள்ள பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் செர்ட்பாட் தானாக ஓட்டும் டிப்ளாய் ஹுக்கில், என்ஜின்எக்ஸை மறுபடி படிக்கச் சொல்லும் ரீலோட் கட்டளையைச் சேர்த்தால்தான் புதியது நடைமுறைக்கு வரும். காலாவதியை நினைவூட்டும் மின்னஞ்சலையும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆகவே வெளியிலிருந்து தினமும் தளத்தைச் சோதிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

கட்டணம் வாங்கும் கல்வி நிறுவனங்கள், தளத்தைப் பராமரிப்பவரோடு போடும் ஒப்பந்தத்திலேயே ரீலோடோடு கூடிய தானியங்கிப் புதுப்பிப்பு, தினசரி வெளிச் சோதனை ஆகிய இந்த இரண்டையும் எழுதி வாங்க வேண்டும். விண்ணப்பக் காலம் தொடங்கும் முன்பே இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் நிர்வாகி,
மதுரை.