இலவசக் குடில் என்றால் முறை இல்லை என்று பொருளல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பின்லாந்தின் லாப்லாந்து பகுதிக்கு நடைப்பயணம் போகத் திட்டமிடும் சென்னை இளைஞர்கள் கவனத்துக்கு. அங்கு வனக் குடில்களில் காசில்லாமல் தங்கலாம் என்பது உண்மை. ஆனால் அது பூட்டில்லாத திறந்த குடில்களுக்கு மட்டுமே. முன்பதிவுக் குடில்களுக்குக் கட்டணம் உண்டு. திறந்த குடிலில் ஓரிரு இரவுகள்தான். இடம் நிறைந்துவிட்டால் முதலில் வந்தவர்தான் கடைசியாக வந்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். துண்டு போட்டு இடம்பிடிக்கும் நம் வழக்கம் அங்கே செல்லாது. எனவே கூடாரம் கட்டாயம்.

விறகு அடுப்பில்தான் அதிகக் கவனம் வேண்டும். பற்றவைக்கும் முன் புகைபோக்கித் தகட்டை முழுதாகத் திறக்க வேண்டும், இல்லையென்றால் அறையெங்கும் புகை. அதைவிடப் பெரிய ஆபத்து படுக்கும் நேரத்தில். சூடு வெளியேறிவிடுமே என்று தணல் கனன்றுகொண்டிருக்கும்போதே தகட்டை மூடினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கும். அதற்கு நிறமோ மணமோ இல்லை; உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கிளறிப் பார்த்து, எல்லாம் கறுத்துவிட்டது, நீலச் சுடர் எதுவும் இல்லை என்று உறுதியான பின்பே மூடுங்கள்.

கிளம்பும்போது அடுத்து வருபவருக்கு விறகு பிளந்து உள்ளே வையுங்கள். மழையில் நனைந்து வருபவருக்கு அது பேருதவி. குப்பையைத் திரும்பச் சுமந்து வாருங்கள். குடிலின் பதிவேட்டில் பெயரும் அடுத்த வழியும் எழுதுங்கள். வழி தவறினால் தேடுபவர்களுக்கு அது உதவும். அவசர எண் 112.

பயண நிறுவனங்களின் கட்டணக் குழுக்கள் திறந்த குடிலில் இரவு தங்க அனுமதியில்லை. பணம் கட்டும் முன் எங்கே தங்கவைப்பார்கள் என்று கேளுங்கள்.

ஒரு வாசகர்,
அடையாறு, சென்னை – 20