800 மீட்டர் நேரத்துக்கு 1.06 உதவாது

ஆசிரியருக்கு,

மாவட்டத் தடகளப் போட்டிகள் நெருங்கினால், மாணவனின் 800 மீட்டர் நேரத்தைச் செல்பேசியில் தட்டி, "1500-ஐ இத்தனை நிமிடத்தில் முடிப்பான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெற்றோர் மட்டுமல்ல, உடற்கல்வி ஆசிரியர்கள் சிலரும் இப்படித்தான் செய்கிறார்கள். இந்தக் கணிப்பான்கள் பலவற்றுக்குள்ளும் இருப்பது, அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977-ல் வெளியிட்ட சூத்திரம். புதிய தூரத்தைப் பழைய தூரத்தால் வகுத்து, வரும் எண்ணுக்கு 1.06 அடுக்கு போட்டு, பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். 5 கிலோமீட்டர் நேரத்திலிருந்து 10 கிலோமீட்டரைக் கணிக்க இது நல்ல கருவிதான். ஆனால் ஏறத்தாழ மூன்றரை நிமிடத்துக்கு மேல் நீளும் ஓட்டங்களுக்கே இது பொருந்தும் என்று ரீகலே எல்லை வகுத்திருக்கிறார். 800 மீட்டர் அந்த எல்லைக்குள் வருவதே இல்லை.

எவ்வளவு தவறும் என்பதற்கு இந்திய ஓட்டக்காரர் ஜின்சன் ஜான்சனின் நேரங்களையே எடுத்துக்கொள்ளலாம். 2018-ல் குவாஹாட்டியில் 800 மீட்டரை 1:45.65-ல் ஓடி, ஸ்ரீராம் சிங் 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஓடிய 1:45.77-ஐ முறியடித்தவர் அவர். அந்த நேரத்தை ரீகல் சூத்திரத்தில் போட்டால் 1500 மீட்டருக்கு 3:25.7 வருகிறது. உலக சாதனையே 3:26.00 தான், மொராக்கோவின் எல் குரூஜ் 1998-ல் ரோமில் ஓடியது! ஜான்சன் 2019-ல் பெர்லினில் உண்மையில் ஓடியது 3:35.24. இரண்டு நேரங்களின் விகிதம் 2.037. கென்யாவின் ருடிஷாவுடைய 800 மீட்டர் உலக சாதனையான 1:40.91-க்கும் எல் குரூஜின் 3:26.00-க்கும் உள்ள விகிதம் 2.041. சூத்திரம் கொடுப்பதோ 1.947.

காரணம் உடலில் இருக்கிறது. 800 மீட்டரில் செலவாகும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் துணையின்றிக் கிடைப்பது. 1500-ல் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கையிருப்பு ஒன்றுதான், தூரம் மட்டும் இரட்டிப்பாகிறது. அதனால் இந்த இரண்டு தூரங்களுக்கு நடுவே வேகம் சரிவது, 5000-க்கும் 10,000-க்கும் நடுவே சரிவதைவிட அதிகம்.

பள்ளி அளவில் இது எப்படிக் கெடுக்கிறது என்று பாருங்கள். 800-ஐ 2:10-ல் ஓடும் மாணவனுக்குச் செல்பேசி 4:13 என்று காட்டும். அதை நம்பி முதல் சுற்றை 67 விநாடியில் ஓடுபவன் மூன்றாம் சுற்றில் உட்கார்ந்துவிடுவான். சூத்திரத்தின் 1.947-க்குப் பதில், மேலே கண்ட உண்மை விகிதங்களுக்கு நெருக்கமான 2.07-ஆல் பெருக்கினால் 4:29, அதாவது சுற்றுக்கு 72 விநாடி. இதுதான் அவன் தாங்கக்கூடிய வேகம். தலைகீழாகப் போட்டால் கேடு இன்னும் பெரிது. 1500-ஐ 4:30-ல் ஓடுபவனுக்கு 800-ல் 2:18.7 தான் வரும் என்று செல்பேசி சொல்லும். 2:10 ஓடக்கூடியவன் 800-க்கான பட்டியலிலேயே இடம்பெற மாட்டான்.

2.07-ம் எல்லோருக்கும் பொருந்தும் எண் அல்ல. 400-லிருந்து மேலே வந்த வேகக்காரனுக்கு 2.12 வரை போகும். 3000-லிருந்து இறங்கியவனுக்கு 2.04 போதும். இதே வேறுபாடு மேலேயும் தொடர்கிறது: 1500-க்கும் 3000-க்கும் எல் குரூஜின் விகிதம் 2.15, கென்யாவின் டேனியல் கோமெனுக்கு 2.10. (மைலுக்கு மட்டும் தொல்லை இல்லை. 1500 நேரத்தை 1.08-ஆல் பெருக்கினால் போதும்.)

ஆகவே ஒவ்வொரு மாணவனுக்கும் அவனுடைய விகிதத்தையே எடுக்க வேண்டும். நாலைந்து வாரங்களுக்குள் ஓடிய ஒரு 800, ஒரு 1500. இரண்டையும் விநாடியாக்கி வகுங்கள். 130, 274 என்றால் 2.108. அடுத்த மாதம் 800 நேரம் 127 ஆனால் 1500-க்கு 267.7, அதாவது 4:28 எதிர்பார்க்கலாம். ஒரே நாளில் ஓடிய இரண்டு போட்டிகள் இதற்கு ஆகாது, இரண்டாவது ஓட்டத்தில் கால் ஏற்கெனவே கனத்திருக்கும். 800-ன் முதல் சுற்று இரண்டாவதைவிட மெதுவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். அது ஒருவரையொருவர் பார்த்து ஓடிய பதக்க ஓட்டம், திறனைக் காட்டாது. ருடிஷா 2012 லண்டனில் முதல் சுற்றை 49.28-லும் அடுத்ததை 51.63-லும் ஓடினார். முழுத்திறனில் ஓடிய 800 பெரும்பாலும் இப்படித்தான் பிரியும்.

பலர் கவனிக்காத ஒன்று, வளைவு. உள்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் ஒவ்வொரு வளைவிலும் 3.14 மீட்டர் கூடும். 1500-ல் ஏழு வளைவுகள். கூட்டத்தின் வெளிப்புறமாகவே ஓடியவன் 22 மீட்டர் அதிகம் ஓடியிருப்பான். 4:30 வேகத்தில் அது நான்கு விநாடி. 800-ல் முதல் வளைவு அவரவர் லேனில் என்பதால் மீதி மூன்று வளைவுகளில் ஒன்றரை விநாடிதான் போகும். வகுப்பதற்கு முன் இதைக் கழிக்காவிட்டால், நல்ல 1500 ஓட்டக்காரனையும் வேகக்காரன் என்று எண்ணிவிடுவோம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். மாவட்ட, மாநிலப் போட்டி முடிவுகளில் வென்றவரின் பெயரோடு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி வரையாவது அச்சிடுங்கள். தகுதிச்சுற்றா இறுதியா, மின்னணுக் கடிகாரமா ஸ்டாப்வாட்சா, 800 என்றால் முதல் சுற்று எத்தனை விநாடி என்பதையும் சேர்த்துப் போட்டால் ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
தடகளப் பயிற்சியாளர் ஒருவர்,
திருநெல்வேலி