இரண்டு வழிப் படம் மாட்டலாமா?

சென்னை

அன்புள்ள ஜெபராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பெயர் வைப்பதில் சம்பந்தி வீட்டாரோடு நடந்த இழுபறியை நேரில் சொல். எழுத்தில் பாதிதான் புரிந்தது. இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டது, கொசு விடவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுநாள் பள்ளி அறையில் 'இரண்டு வழி' படத்தை மாட்ட வேண்டும், பிள்ளைகள் கர்த்தரின் இரண்டாம் வருகைக்கு ஆயத்தமாக அதுதான் ஏற்றது என்று கமிட்டியில் சொல்கிறார்களாமே. அந்தப் படம் எனக்கு மனப்பாடம். உங்கள் வீட்டுத் தார்சாவில்தானே தொங்கியது! 1866-இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் சார்லட் ரைலன் என்ற அம்மா யோசித்து வரையச் செய்தது அது. நாசத்துக்குப் போகும் அகல வழியில் சத்திரம், நாடகக் கொட்டகை, சூதாட்ட வீடு. ஜீவனுக்குப் போகும் ஒடுக்கமான வழியில் சிலுவை, கோவில், ஓய்வுநாள் பள்ளி. உச்சியில் எல்லாவற்றையும் பார்க்கும் கண். எரிகிற பட்டணத்தின் பக்கம் ஒரு ரயில் போகும், கவனித்திருக்கிறாயா? ஞாயிற்றுக்கிழமை ரயில் விடுவது ஓய்வுநாளை மீறுவது என்று அந்தக் காலத்துப் பக்தர்களுக்கு எண்ணம். ஞாயிறு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிக்கிற நம்மை என்ன செய்வார்களோ.

அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து நாம் என்ன செய்தோம்? தெருவில் யார் யார் எந்த வழி என்று பங்கு பிரித்தோம். சினிமாவுக்குப் போகிற என் சித்தப்பா ஒரு பக்கம், வட்டிக்கு விடுகிறவர் ஒரு பக்கம். நாம் இரண்டு பேரும் மட்டும் எப்போதும் ஒடுக்கமான வழியில் பத்திரமாக இருந்தோம். மேலே இருந்து பார்க்கிற மாதிரி வரைந்த படம், பார்க்கிறவனை நியாயாதிபதி ஆக்கிவிடுகிறது. அதுதான் எனக்கு அதில் உள்ள குறை.

ஆங்கில ஓவியர் ஹோல்மன் ஹன்ட் வரைந்த இயேசு படத்தை எடுத்துக்கொள். கையில் விளக்கோடு கதவைத் தட்டுகிறாரே, அதுதான். காலண்டர்களில் அதன் சாயலை எத்தனையோ பார்த்திருக்கிறோம். 1850-களின் தொடக்கத்தில், நிலா வெளிச்சம் சரியாக அமைய வேண்டும் என்று ராத்திரியில் வெளியே நின்றே வரைந்திருக்கிறார் மனிதர். கதவின் மேல் களை படர்ந்திருக்கிறது, கீல் துருப்பிடித்திருக்கிறது, வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனத்துக்கு இதைவிட நல்ல பிரசங்கம் நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி யோசிக்க அதில் இடமே இல்லை. உள்ளே இருக்கிறவன் நான்.

ஆனாலும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பத்து கன்னிகைகள் பொருத்தம். இயேசு சொன்ன உவமைதான்: விளக்கோடு மணவாளனுக்குக் காத்திருந்தவர்களில் புத்தியுள்ள ஐந்து பேர் எண்ணெயும் எடுத்து வந்தார்கள், மற்ற ஐந்து பேர் எடுத்து வரவில்லை. ஜெர்மனியின் மக்டபர்க் பேராலயத்தில் 1250 வாக்கில் செதுக்கிய சிலைகளைப் புகைப்படத்தில் பார்த்தேன். ஐந்து பெண்கள் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் அழுகிறார்கள், ஒருத்தி தலையில் அடித்துக்கொள்கிறாள். அசல் நம் ஊர்ப் பெண்கள்! மத்தேயு 25-ஐத் திரும்ப எடுத்துப் பார்: மணவாளன் தாமதித்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ளவர்களையும் யாரும் அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. எண்ணெயை முன்னாலேயே எடுத்து வைத்தவளுக்குத் தூக்கம் ஒரு குற்றமில்லை. பயமுறுத்தாமல் ஆயத்தத்தைச் சொல்லிக்கொடுக்க இது போதாதா?

போன வாரம் மருமகளோடு பரங்கிமலை ஏறினேன் (சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட்காரனுக்குக் கத்தோலிக்க மாதா கோவிலில் என்ன வேலை என்று கேட்காதே). போர்த்துகீசியர் 1523-இல் கட்டிய கோவில் அது. பிரசவத்துக்குக் காத்திருக்கும் மரியாளின் பெயரில் இருக்கிறது. டிசம்பர் 18 அவளுக்குரிய திருநாள். மருமகளுக்கு இப்போது ஏழாம் மாதம். துணி துவைத்து மடித்து, பை கட்டி, ஆஸ்பத்திரி நம்பரை எழுதி ஒட்டி, எல்லாம் தயார். முகத்தில் கவலை இருக்கிறது, ஆனால் அதைவிட ஆசை அதிகம். வருகையைப் பற்றிய படங்களில் இந்த ஆசையை ஏன் இவ்வளவு குறைவாக வரைகிறார்கள்?

ஆகவே கமிட்டியில் என் பெயரைச் சொல்லியே பேசு: அச்சுப் படம் வாங்க வேண்டாம், பத்து கன்னிகைகளைப் பிள்ளைகளே சுவரில் வரையட்டும். பாவாடை தாவணியோ சுடிதாரோ, அவர்கள் இஷ்டம். அப்புறம், சுவரின் நீள அகலத்தை அளந்து எழுது. பெயிண்டும் பிரஷும் பாரிமுனையில் வாங்கி, கிறிஸ்துமஸுக்கு வருகிற என் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
டேனியல்