தூக்கத்தில் எழுதிய கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன்னை வேலைக்கு எடுத்துத் தொழில் கற்றுக்கொடுத்தவர் விலகினால் அவருடைய நாற்காலி உனக்குத்தான், விலகவைக்க வழியும் இருக்கிறது என்று நேற்றிரவு தொலைபேசியில் சொன்னாய். எனக்கு வாயடைத்துப்போயிற்று. இரவு முழுக்கத் தூக்கமில்லை.

முப்பது வருடம் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தை நடத்தியவள் நான். விடைத்தாள் திருத்தும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து நீ கதை கேட்பாய். சூனியக்காரிகள் வரும் இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பாய். எனக்கு மனத்தை விட்டு அகலாதது முதல் அங்கத்தின் ஏழாம் காட்சி. உள்ளே மன்னன் டங்கன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவனைக் கொன்று அரியணை ஏற நினைத்த மேக்பெத் பந்தியிலிருந்து எழுந்துவந்து தனியே நிற்கிறான். இவன் என் உறவினன், என் அரசன், என் வீட்டு விருந்தாளி. இவனைக் கொல்ல எவனாவது வந்தால் கதவைச் சாத்த வேண்டியவன் நான், கத்தியை நானே எடுப்பதா என்று கேட்டுக்கொள்கிறான். எவ்வளவு தேடியும் தன் பேராசையைத் தவிர வேறு காரணம் அவனுக்கு அகப்படவில்லை. வேண்டாம், இத்தோடு விட்டுவிடுவோம் என்று மனைவியிடம் சொல்லவும் செய்கிறான். அவள் பேசிப்பேசி அவனை மாற்றுகிறாள். தெரியாமல் விழுந்தவன் இல்லையடா அவன். எல்லாம் தெரிந்துதான் போனான்.

வரலாற்றில் மேக்பெத் என்ற அரசன் உண்டு. 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டான். உண்மையில் டங்கன் இறந்தது போரில். விருந்துக்கு வந்த அரசனைத் தூக்கத்தில் கொன்றது அந்நாட்டின் வேறொரு மன்னனின் கதை. ஷேக்ஸ்பியர் அதை எடுத்து இங்கே பொருத்தினார். போர்க்களத்துச் சாவு அவருக்குப் போதவில்லை. சோறு போட்ட வீட்டில் நடக்க வேண்டியிருந்தது.

மேக்பெத்தின் மனைவி முதன்முதலில் மேடைக்கு வருவதே அவன் எழுதிய கடிதத்தைப் படித்துக்கொண்டுதான். தன் உயர்வில் பங்காளி என்று அவளை அழைக்கிறான், எதையும் மறைக்காதவன். மூன்றாம் அங்கத்தில், நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆளனுப்பிவிட்டு அதை அவளிடமே மறைக்கிறான். கடைசி அங்கத்தில் ஒரு பணிப்பெண் மருத்துவரிடம் சொல்கிறாள்: அரசி தூக்கத்திலேயே எழுந்து, தாளை எடுத்து, எழுதி, படித்து, முத்திரையிட்டுவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்கிறாள். இல்லாத ரத்தக்கறையைப் போக்க அவள் தூக்கத்தில் கை கழுவுவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்தக் கடிதம்தான் பெரிது. யாருக்கு எழுதினாள், என்ன எழுதினாள் என்று நாடகத்தில் இல்லை. கணவனிடம் பேச முடியாமல்தான் எழுதினாள் என்று நான் நினைக்கிறேன். அவள் இறந்த செய்தி வந்தபோது, இன்னொரு நாள் இறந்திருக்கலாம் என்றுதான் அவனுக்குச் சொல்லத் தோன்றியது.

உன் கல்யாணத்துக்கு அந்தப் பெரியவர் வந்திருந்தார். பந்தியில் நான்தான் பரிமாறினேன். ரசம் நன்றாக இருக்கிறதம்மா என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நீ என்னிடம் சொன்னதை மருமகளிடம் சொல்லியிருக்கிறாயா? இல்லையென்றால் இன்றிரவே அவளிடம் சொல். அதன்பிறகு என்னைக் கூப்பிடு, எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா