ட்விஸ்டை வைத்துப் படத்தை அளக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் திரை விமர்சனப் பக்கங்களைத் தவறாமல் படித்துவருகிறேன். சமீபகாலமாக அவற்றில் ஒரே பாராட்டு திரும்பத் திரும்ப வருகிறது: 'கடைசிவரை யூகிக்கவே முடியவில்லை'. த்ரில்லர்களுக்கு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. குடும்பக் கதைகளுக்கும் ஆவணப்படங்களுக்கும்கூட இதே அளவுகோல்தான் வந்திருக்கிறது. எனக்கு இது கவலையாக இருக்கிறது.

த்ரில்லரிலிருந்தே தொடங்குகிறேன். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) எந்த நாவலிலிருந்து எடுக்கப்பட்டதோ, அதில் மர்மம் கடைசியில்தான் உடைகிறது. ஹிட்ச்காக்கோ படத்தில் இன்னும் கணிசமான பகுதி மிச்சமிருக்கும்போதே அதைப் போட்டு உடைத்துவிடுகிறார். ஜூடி என்ற பெண் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுகிறாள், இறந்துவிட்டதாக நாயகன் நம்பும் காதலியாக நடித்தது தான்தான் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள், பிறகு அதைக் கிழித்துப் போடுகிறாள். இனி நமக்கு எல்லாம் தெரியும். அவளைக் காதலிப்பவனுக்கு எதுவும் தெரியாது. அவளைப் பழைய காதலியைப் போலவே மாற்ற, அவன் அவளுக்குச் சாம்பல் நிற உடை தேடி அலைகிறான். தலைமுடிக்குச் சாயமேற்றச் சொல்கிறான். கொண்டை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறான். மர்மத்தைப் பொத்தி வைத்திருந்தால் இவை ஒரு மனிதனின் பிடிவாதமாக மட்டுமே தெரிந்திருக்கும். முன்பே தெரிந்துவிட்டதால்தான், அந்த உடைக்குள் மறுபடியும் போக நேரும் அந்தப் பெண்ணின் தவிப்பு நமக்குத் தெரிகிறது. (இன்னும் பார்க்காதவர்கள் தயங்க வேண்டாம். தெரிந்துகொண்டு பார்த்தாலும் இந்தப் படத்தில் எதுவும் குறையாது.)

மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடம் பதைபதைப்பு என்று பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஹிட்ச்காக் விளக்கியது பலருக்கும் தெரியும். ஃப்ரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த 'எம்' படத்திலும் குழந்தைகளைக் கொல்பவன் யார் என்பது வெகு சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. ஆனாலும், சாப்பாட்டுத் தட்டை எடுத்துவைத்துவிட்டு மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் தாயின் குரல் ஆளில்லாத மாடிப்படிகளில் ஒலிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. ஒரு துளி ரத்தம் காட்டவில்லை. புல்லில் ஒரு பந்து உருள்கிறது, தந்திக் கம்பியில் ஒரு பலூன் சிக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். 'திருஷ்யம்' (2013) மட்டும் என்ன? கொன்றது யார் என்பது நம் கண்முன்னாலேயே நடந்துவிடுகிறது. அந்தக் குடும்பம் பிடிபட்டுவிடுமோ என்ற பயம்தான் நம்மை இருக்கையில் கட்டிப்போடுகிறது. வெளியே வந்தவர்களெல்லாம் கடைசிக் காட்சியைப் பற்றியே பேசினார்கள். என்னைக் கேட்டால் விசாரணையில் அந்தச் சின்னப் பெண்ணை மிரட்டும் இடம்தான் படத்தின் உயிர்.

குடும்பக் கதைகளில் மறைப்பதே கூடாது என்று சொல்ல வரவில்லை. அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செப்பரேஷன்' (2011) மிக முக்கியமான ஒன்றை மறைக்கிறது. வீட்டைவிட்டு வெளியேறிவிட்ட முதியவரைத் தேடி, அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த ரஸியே தெருவுக்கு ஓடுகிறாள். அங்கே என்ன நடந்தது என்பதைக் காட்டாமல் படம் அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகிறது. ஆனால் இது நம்மை ஏமாற்றுவதற்காகச் செய்தது அல்ல. அந்தக் கதையில் எல்லோருமே எதையோ மறைக்கிறார்கள்; ஒவ்வொருவரும் மறைப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அப்பாவுக்காக நீதிபதி முன் பொய் சொல்லிவிட்டு வண்டியில் உட்கார்ந்து அழும் தெர்மேயைப் பார்த்த பிறகு, 'உண்மையில் யார் மேல் தப்பு?' என்று கேட்கவே வாய் வராது.

ஆவணப்படங்களுக்கு வருகிறேன். எனக்கு ஆதங்கம் அதிகம் இங்கேதான். ஓடிடியில் வரும் உண்மைக் குற்றத் தொடர்கள் பலவற்றில், குற்றவாளி கைதானது எப்போதோ செய்தியாக வந்திருந்தும், அதைக் கடைசி எபிசோடுக்காக ஒளித்துவைக்கிறார்கள். நடுவில் நிரபராதி ஒருவர் மேல் சந்தேகத்தைத் திருப்பிவிட்டு இரண்டு மணி நேரம் ஓட்டுகிறார்கள். அந்த நிரபராதி கதாபாத்திரம் அல்ல, உயிரோடு இருக்கும் மனிதர். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அழும் இடத்தில் 'அடுத்த எபிசோடில்' என்று நிறுத்துவதை விறுவிறுப்பு என்று தங்கள் விமர்சகர் எழுதியபோது மனம் மிகவும் வலித்தது.

இதே வேலையை எர்ரல் மோரிஸ் 1988இலேயே எவ்வளவு நேர்மையாகச் செய்திருக்கிறார் என்று பாருங்கள். 'தி தின் ப்ளூ லைன்', டல்லஸில் 1976இல் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கைப் பற்றியது. ஒவ்வொரு சாட்சியும் சொன்னபடி அந்த இரவு மறுபடி மறுபடி நடித்துக் காட்டப்படுகிறது. காரிலிருந்து வீசப்பட்ட ஒரு மில்க் ஷேக் காற்றில் சுழன்று போய்த் தரையில் சிதறுவதை மெதுவாகக் காட்டுகிறார்கள். அது எங்கே விழுந்தது என்பதை வைத்து, உடன் இருந்த காவலர் சுடப்பட்ட நேரத்தில் எங்கே இருந்தார் என்ற கேள்வி எழுகிறது. அந்த மறுநடிப்புகள் நமக்குக் காட்டுவது சாட்சிகளின் முரண்பாடுகளை. தவறாகத் தண்டிக்கப்பட்டு, ஒரு கட்டத்தில் மரண தண்டனைவரை போன ராண்டல் டேல் ஆடம்ஸ், படம் வந்த மறு வருடமே விடுதலையானார்.

ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' (2014) படத்தில் மறைப்பதற்கு எதுவுமே இல்லை. 1965இல் தொடங்கிய இந்தோனேசியப் படுகொலைகளில் அண்ணனை இழந்தவர் ஆதி. அண்ணன் கொல்லப்பட்ட பிறகு பிறந்தவர். தொழில், மூக்குக் கண்ணாடி பொருத்துவது. கொன்றவர்களின் வீட்டுக்கே போய் அவர்களுக்குக் கண் பரிசோதனை செய்கிறார். சோதனைச் சட்டத்தில் ஒவ்வொரு லென்ஸாக மாற்றியபடியே அந்த நாட்களைப் பற்றிக் கேட்கிறார். யார் செய்தது என்பது ஆரம்பத்திலிருந்தே தெரியும். செய்தவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். இருந்தும் நான் பார்த்த எந்தத் த்ரில்லரும் இப்படி என்னை மூச்சடக்கி உட்காரவைத்ததில்லை. எதிரே இருப்பவர் வாய் திறப்பாரா, மிரட்டுவாரா, ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிப்பாரா என்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

எனவே ஒரு வேண்டுகோள். விமர்சனத்தில் 'ட்விஸ்ட்' பற்றிய வரிகளைக் குறைத்து, ஏதாவது ஒரு காட்சி எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள். உண்மைக் குற்றத் தொடர் என்றால், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு எடுக்கப்பட்டதா, அவர்களுக்குப் பேச இடம் தரப்பட்டதா என்பதையும் விமர்சகர் விசாரித்து எழுதட்டும். ஆவணப்படங்களை நான்கு வரிப் பெட்டிச் செய்தியோடு முடிக்காமல், மாதத்துக்கு ஒன்றுக்காவது முழுப் பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தை 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' படத்துக்கே கொடுக்கலாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்